மேம்பட்ட வாகன ஓட்டுதல் பயிற்சி

மேம்பட்ட வாகன ஓட்டுதல் பயிற்சி என்பது ஏற்கனவே ஓட்டுநர் உரிமம் பெற்று, பல ஆண்டுகள் வாகனம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி ஆகும். வாகனத்தை இயக்கக் கற்றுக்கொடுப்பது இதன் நோக்கமன்று. சாலையை உற்று நோக்குதல், இடரை முன்கூட்டியே உணர்தல், போதிய இடைவெளி விடுதல், தன் பழக்கங்களைத் தானே சோதித்தல் ஆகியவையே இதில் முதன்மை பெறுகின்றன. பிறர் செய்யும் தவறுகளையும் எதிர்பார்த்து ஓட்டுவதைக் குறிக்கும் தற்காப்பு ஓட்டுதல் இதனோடு நெருங்கிய தொடர்புடையது. பந்தய ஓட்டப் பயிற்சியிலிருந்து இது வேறுபட்டது.

தேவை

இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்திற்கான தேர்வு அடிப்படைத் திறனை மட்டுமே சோதிக்கிறது. இருசக்கர வாகனத்தில் "எட்டுப் போடுதல்" இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டாகும். உரிமத்தை உரிய காலத்தில் புதுப்பிப்பவருக்கு ஓட்டுத் தேர்வு மீண்டும் நடத்தப்படுவதில்லை. எனவே 18 வயதில் தேர்வு பெற்ற ஒருவர், அதன்பின் வாழ்நாள் முழுவதும் எவராலும் மதிப்பிடப்படாமலே வாகனம் ஓட்டக்கூடும்.

பட்டறிவு இக்குறையை ஈடுசெய்யும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் சாலை ஒரு நல்ல ஆசிரியர் அன்று. முன்செல்லும் வண்டியை நெருக்கி ஓட்டுபவருக்கு ஆயிரம் முறை எதுவும் நேராமல் போகலாம். பெரும்பாலும் எதிரில் வருபவர் ஒதுங்கியதால், அல்லது பின்னால் வந்தவர் வேகத்தைக் குறைத்ததால் அவர் தப்பியிருப்பார். அதனை அவர் அறிவதில்லை. இவ்வாறு தவறான பழக்கமும் சரியான பழக்கத்தைப் போலவே ஆண்டுதோறும் உறுதிப்படுகிறது.

சுவீடன் உளவியலாளர் ஓலா சுவென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. அதில் பங்கேற்ற அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினரும், சுவீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் தமது ஓட்டும் திறன் குழுவின் நடுநிலையை விட மேலானது எனக் கருதினர். ஒரு குழுவில் பாதிப்பேர் மட்டுமே நடுநிலைக்கு மேல் இருக்க முடியும்.

இந்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது.

வரலாறு

இப்பயிற்சியின் தொடக்கத்தைப் பிரித்தானியக் காவல் துறையில் காணலாம். இலண்டன் பெருநகரக் காவல் துறை 1930களின் நடுப்பகுதியில் என்டன் என்னுமிடத்தில் ஓட்டுநர் பள்ளியைத் தொடங்கியது. பந்தய வீரராக இருந்த காட்டனம் பிரபு 1937இல் அதன் ஆலோசகரானார். வாகனத்தை எப்போதும் ஒரே ஒழுங்கான வரிசைமுறையில் கட்டுப்படுத்தும் முறை அங்கு வளர்ந்தது. அம்முறையை விளக்கும் "ரோடுகிராஃப்ட்" என்னும் காவலர் கையேடு 1955இல் வெளியானது. அடுத்த ஆண்டில், பொதுமக்கள் தாமாக முன்வந்து உயர்நிலைத் தேர்வு எழுதுவதற்கென மேம்பட்ட ஓட்டுநர் கழகம் ஒன்று அங்கு நிறுவப்பட்டது.

அமெரிக்காவில் அரால்டு சிமித் என்பவர் 1952இல் தொழில்முறை ஓட்டுநர்களுக்கென ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். தொலைவில் பார்த்தல், சுற்றுப்புறம் முழுவதையும் கவனித்தல், கண்களை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டிருத்தல், விலகிச் செல்ல ஒரு வழியை எப்போதும் வைத்திருத்தல், பிறர் தன்னைப் பார்த்துவிட்டனரா என உறுதிசெய்தல் ஆகியவை அதன் ஐந்து விதிகளாகும்.

பயிற்சி முறை

பயிற்சி பெரும்பாலும் வழக்கமான சாலையிலேயே, பயிற்றுநர் அருகில் அமர்ந்திருக்க நடைபெறும். முதல் கட்டத்தில் பயிற்றுநர் குறுக்கிடாமல் ஓட்டுநரின் பழக்கங்களைக் குறித்துக்கொள்வார். பின்பு அவை ஒவ்வொன்றாக ஆராயப்படும்.

உரக்கச் சொல்லி ஓட்டுதல்: ஓட்டுநர் தாம் காண்பவற்றையும், அவற்றால் நேரக்கூடியதையும், தாம் செய்யவிருப்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். "இடப்பக்கம் பேருந்து நிற்கிறது, அதன் முன்னாலிருந்து யாரேனும் குறுக்கே வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன்" என்பது இதற்கு எடுத்துக்காட்டு. எவற்றை அவர் சொல்லாமல் விடுகிறாரோ அவற்றைக் கவனிக்கவில்லை எனப் பயிற்றுநர் கணிக்கிறார். நெடுநாள் ஓட்டியவர்கள் பலருக்கு இப்பகுதியே கடினமானது.

ஒழுங்கு வரிசை: வளைவு, சந்திப்பு போன்ற ஒவ்வோர் இடரையும் அணுகும்போது தகவல் அறிதல், சாலையில் இடம் பிடித்தல், வேகத்தைச் சரிசெய்தல், கியர் மாற்றுதல், வேகம் கூட்டுதல் என்னும் வரிசை பின்பற்றப்படும்.

இடைவெளி: முன்செல்லும் வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடந்தபின் இரண்டு நொடிகளுக்குள் தமது வாகனமும் அதனைக் கடந்தால் இடைவெளி போதாது எனக் கொள்ளப்படும். மழையில் இந்நேரம் இரட்டிப்பாக்கப்படும்.

பழைய பழக்கங்களைக் கைவிடுதல்: ஒரு காலத்தில் சரியாக இருந்த பழக்கம் பின்னர் தவறாகிவிடக்கூடும். பழைய வாகனங்களில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதிருக்க, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்குமாறு கற்பிக்கப்பட்டது. ஏ.பி.எஸ். அமைப்பு உள்ள வாகனங்களில் அச்செயலை அவ்வமைப்பே விரைவாகச் செய்துவிடும். நெருக்கடியில் ஓட்டுநர் பிரேக்கை முழு விசையுடன் மிதித்து, விடாமல் பிடிக்க வேண்டும். இந்தியாவில் 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் அனைத்திற்கும் 2019 ஏப்ரல் முதல் இவ்வமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இருசக்கர வாகனத்தின் முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என அதனைத் தொடாமலே ஓட்டும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்தது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின் மீது சாய்வதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சக்கரத்திலேயே உள்ளது. எனவே இரு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பயிற்றுவிக்கின்றனர்.

நிற்கும் தூரம்

வேகம் பற்றிய தவறான கணிப்பைத் திருத்தப் பயிற்சி வகுப்புகளில் நிற்கும் தூரம் கணக்கிட்டுக் காட்டப்படுவதுண்டு. இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1.5 நொடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் வேகம் நொடிக்கு நொடி 7 மீட்டர் என்னும் வீதத்தில் குறைகிறது என்றும் கொண்டால்:

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுமார் 25 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமார் 45 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 69 மீட்டர்

ஈரமான சாலையில் வேகம் குறையும் வீதம் 4 மீட்டராகத் தாழ்ந்தால், 80 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் சுமார் 95 மீட்டராகிறது. இக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிவொன்று பலருக்கு வியப்பளிக்கும். 60 கி.மீ. வேகத்தில் வந்த வாகனம் முழுதும் நின்றுவிடும் இடத்தை, 80 கி.மீ. வேகத்தில் வந்த வாகனம் இன்னும் சுமார் 65 கி.மீ. வேகத்துடன் கடந்துகொண்டிருக்கும். அவ்விடத்தில் ஒருவர் சாலையைக் கடந்தால், முதல் ஓட்டுநருக்கு அது ஒரு திடுக்கிடல். இரண்டாமவருக்கு அது உயிர்ச்சேதம்.

தென்சென்னைப் புறநகர்ச் சாலைகள்

பயிற்சியில் கற்பிக்கப்படும் இடர்களுள் பலவற்றைத் தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் கொண்டு விளக்கலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை ஒரே நேரத்தில் தேசிய நெடுஞ்சாலையாகவும் ஊரின் கடைத்தெருவாகவும் விளங்குகிறது. முன்பு தே.நெ. 45 என்றிருந்த இது மறுஎண்ணிடலுக்குப் பின் தே.நெ. 32 ஆனது. தொலைதூரப் பேருந்துகளும், மாநகரப் பேருந்துகளும், பகிர்வு ஆட்டோக்களும், புறநகர் இரயில் நிலையங்களுக்கு நடந்து செல்வோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். நின்ற பேருந்தின் முன்னாலிருந்து வெளிப்படுபவரை எதிர்பார்ப்பதும், பேருந்தின் அடியில் தெரியும் கால்களைக் கவனிப்பதும் இங்கு தேவையான பழக்கங்களாகும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபின், தென்மாவட்டப் பேருந்துகளை நாடிச் செல்லும் போக்குவரத்து வண்டலூரை ஒட்டிக் குவிந்தது.

பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை செல்லும் சென்னைப் புறவழிச்சாலையும், வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் வேறுவகை இடர்களைக் கொண்டவை. இவற்றில் முதன்மையானது வேக வேறுபாடு. ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் சரக்கு லாரி, எதிர்த் திசையில் வரும் இருசக்கர வாகனம் ஆகியவை விரைந்து வரும் மகிழுந்துக்கு எதிர்பாராத தடைகளாகின்றன. இரவில் முகப்பு விளக்கின் ஒளி எட்டும் தூரத்திற்குள் நிற்கக்கூடிய வேகமே பாதுகாப்பான வேகம் என்னும் விதி இங்கு வலியுறுத்தப்பட வேண்டியது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை முடிச்சூர், மேற்குத் தாம்பரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை ஆகிய தாழ்வான பகுதிகளில் நீர் தேங்குவதுண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இவை கடுமையாகப் பாதிக்கப்பட்டன. தேங்கிய நீர் பள்ளத்தையும் திறந்த வடிகாலையும் மறைத்துவிடும் என்பதால், அறிந்த சாலையையும் அறியாத சாலையாகக் கருதுமாறு ஓட்டுநர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர்.

தமிழ்நாட்டில் பயிற்சியும் சட்டமும்

சென்னை தரமணியில் உள்ள சாலைப் போக்குவரத்து நிறுவனம் 1976இல் தொடங்கப்பட்டது. இது அரசுப் போக்குவரத்துக் கழகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் அமைப்பாகும். இதன் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு கும்மிடிப்பூண்டியில் உள்ளது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் அமைந்துள்ளது. திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் விளையாட்டுக்கானது. அங்கு கற்கும் திறன்கள் பொதுச்சாலைக்கு அப்படியே பொருந்துவன அல்ல.

தொழில்முறை ஓட்டுநர்களுக்கு மீள்பயிற்சி புதிதன்று. இடர்மிகு சரக்குகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்குத் தனிப் பயிற்சியைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. தனியார் வாகனம் ஓட்டுபவருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம், உரிமம் இடைநிறுத்தப்பட்டவர் புத்தாக்கப் பயிற்சி பெற வேண்டும் என விதித்தது. 2021 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள், பாவனைக் கருவியும் சோதனைத் தடமும் கொண்ட ஏற்பளிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கு வழிவகுத்தன. இம்மையங்களில் புத்தாக்கப் பயிற்சியும் அளிக்கப்படலாம். எனினும் தவறிழைத்துத் தண்டனை பெறாதவர் இப்பயிற்சியை நாடுவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததே.

பயன் குறித்த ஆய்வுகள்

இப்பயிற்சி விபத்துகளைக் குறைக்கிறதா என்பது விவாதத்திற்கு உரியது. உரிமம் பெற்றபின் அளிக்கப்படும் ஓட்டுநர் கல்வி குறித்த 24 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, அது விபத்துகளையோ காயங்களையோ தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என முடிவு செய்தது. சில பயிற்சிகள் எதிர்விளைவைத் தருவதும் உண்டு. சுவீடன் ஆய்வாளர் நில்சு கிரெகர்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வில் இளம் ஓட்டுநர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவிற்கு நெருக்கடியில் வாகனத்தைக் கையாளும் திறன் கற்பிக்கப்பட்டது. மற்றதற்குத் தம் திறனின் எல்லை உணர்த்தப்பட்டது. சோதித்தபோது இரு குழுக்களின் திறனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் முதல் குழுவினர் தம்மை அதிகத் திறமையுடையவர்களாக மதிப்பிட்டனர்.

இதன் விளைவாகப் பயிற்சியின் உள்ளடக்கம் குறித்த கருத்து மாறியது. வழுக்கும் வாகனத்தை மீட்கக் கற்பிப்பதை விட, வழுக்கும் நிலைக்கே செல்லாதிருக்கக் கற்பிப்பது மேல் என்னும் பார்வை வலுப்பெற்றது. வாகனத்தைக் கையாளும் திறனுக்கு மேலாக, எந்நேரத்தில், எந்நிலையில், எந்த அவசரத்துடன் ஒருவர் ஓட்டப் புறப்படுகிறார் என்பதையும் பயிற்சி கருத வேண்டும் எனப் பின்லாந்து ஆய்வாளர்கள் வலியுறுத்தினர். இப்பார்வையின்படி, நெடுநாள் ஓட்டிய ஒருவர் பயிற்சியை முடித்தபின் முன்னை விட மெதுவாகவும், முன்னை விடத் தன் திறன்மீது ஐயத்துடனும் ஓட்டினால் அப்பயிற்சி வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம். கூடுதல் துணிவுடன் ஓட்டினால் அது தோல்வியே ஆகும்.