உரிமை கோர முடியாத நிலவும் உரிமை கோரப்படும் கனிமமும்

நிலவு உள்ளிட்ட வான்பொருள்களை எந்த நாடும் இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியமர்ந்தோ, வேறெந்த வழியிலோ தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்று 1967 ஜனவரி 27 அன்று லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் ஆகிய மூன்று தலைநகரங்களில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் உறுப்பு விதித்தது. நிலவை முதலில் எட்டுவது யார் என்னும் போட்டியில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் முழு மூச்சுடன் இறங்கியிருந்த அந்நாளில், எதிரி முந்திக்கொண்டு நிலத்தைக் கைப்பற்றிவிடக் கூடாது என்னும் கவலை இரு வல்லரசுகளுக்குமே இருந்ததால், இவ்விதி பெரிய எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது. ஆனால் அந்நிலத்திலிருந்து தோண்டியெடுக்கப்படும் கல்லும் உலோகமும் நீரும் யாருக்குச் சொந்தம் என்பது பற்றி ஒப்பந்தம் எதுவும் கூறவில்லை. தனியார் நிறுவனங்களின் விண்வெளிப் பணிகளுக்கு அவற்றின் நாடே அனுமதியும் தொடர்ந்த மேற்பார்வையும் அளித்துப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆறாம் உறுப்பு சொன்னதே தவிர, அப்பணி சுரங்கத் தொழிலாகவும் இருக்கலாமா என்ற கேள்வியை அது தொடவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் கருத்து கடலிலிருந்து வந்தது. 1967 நவம்பரில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ, எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத ஆழ்கடலடியை மனிதகுலத்தின் பொது மரபுரிமையாக அறிவிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபையில் வாதிட்டார். தொழில்நுட்பமும் முதலும் உடைய சில நாடுகள் மட்டுமே அள்ளிச்செல்வதற்கு இடந்தராமல், பலன் அனைவருக்கும் பங்கிடப்பட வேண்டும் என்பது இக்கொள்கையின் சாரம். அர்ஜென்டினாவின் சட்ட அறிஞர் ஆல்டோ அர்மாண்டோ கோக்கா 1970இல் இதை நிலவின் வளங்களுக்கும் பொருத்தி ஒரு வரைவை முன்வைத்தார். பொது மரபுரிமை என்னும் கொள்கையைச் சோவியத் ஒன்றியம் பல ஆண்டுகள் எதிர்த்துவந்தது. இறுதியில் ஆஸ்திரியாவின் சமரச வரைவை அடிப்படையாகக் கொண்டு உடன்பாடு எட்டப்பட்டு, 1979 டிசம்பரில் நிலவு உடன்படிக்கையைப் பொதுச் சபை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக ஏற்றது.

அதன் பதினொன்றாம் உறுப்பே இந்த வரலாற்றின் மையம். நிலவும் அதன் இயற்கை வளங்களும் மனிதகுலத்தின் பொது மரபுரிமை என்று அறிவித்த அவ்வுறுப்பு, வளங்களைத் தோண்டியெடுப்பது நடைமுறையில் இயலப்போகும் காலத்தில் அதனை முறைப்படுத்தும் பன்னாட்டு ஏற்பாடு ஒன்றை உறுப்பு நாடுகள் கூடி உருவாக்க வேண்டும் என்றும், அவ்வேற்பாடு வளரும் நாடுகளின் தேவையையும் ஆய்வில் பங்களித்த நாடுகளின் உழைப்பையும் ஒருசேரக் கருதிப் பலனைப் பகிர வேண்டும் என்றும் கூறியது. வளங்கள் 'இருந்த இடத்தில் இருக்கும்வரை' எவருடைய சொத்தும் ஆகா என்று அதே உறுப்பில் இடம்பெற்ற வாசகத்தைக் கொண்டு, தோண்டி எடுத்தபின் அவை சொத்தாகலாம் என்று அமெரிக்கத் தரப்பு வாதிட்டது. ஆகவே, தனியார் தொழிலை இவ்வுடன்படிக்கை அடியோடு தடுத்தது என்னும் பரவலான கூற்று சரியன்று. விலையும் பங்கும் பற்றிய பேச்சை அது பிற்காலத்துக்கு ஒத்திவைத்தது, அவ்வளவே.

அந்த ஒத்திவைப்பே அதற்கு எமனாயிற்று. விண்வெளியில் மனிதக் குடியிருப்புகளை அமைக்க விரும்பியோர் 1975இல் அமெரிக்காவில் நிறுவிய எல்-5 சங்கம், எதிர்காலத் தொழில்முனைவை இவ்வுடன்படிக்கை முடக்கிவிடும் என்று கடும் பரப்புரை செய்தது. 1980இல் செனட் குழு விசாரணைகளும் நடந்தன. அமெரிக்கா கையொப்பமிடவே இல்லை. கையொப்பமிட்ட நாடு உள்நாட்டு ஒப்புதலுக்குப் பின் தன்னை முழுமையாகக் கட்டுப்படுத்திக்கொள்ளும் செயலாகிய ஏற்புறுதியை ஐந்து நாடுகள் அளித்தால் நடைமுறைக்கு வரும் என்றிருந்த அவ்வுடன்படிக்கை, சிலி, பிலிப்பைன்ஸ், உருகுவே, நெதர்லாந்து, ஆஸ்திரியா ஆகியவற்றின் ஏற்புறுதியால் 1984 ஜூலையில் உயிர்பெற்றது. இவற்றுள் ஒன்றுகூட நிலவுக்குக் கலம் அனுப்பும் ஆற்றல் உடையதாக இருக்கவில்லை.

பேச்சு நின்ற இடத்தில் உள்நாட்டுச் சட்டங்கள் நுழைந்தன. அமெரிக்காவின் அப்பல்லோ பயணங்கள் கொணர்ந்த 382 கிலோ கல்லும் மண்ணும், சோவியத் லூனா கலங்கள் கொணர்ந்த ஏறத்தாழ 300 கிராம் மண்ணும் எவராலும் உரிமை மறுக்கப்படாமல் இருந்ததையும், லூனா-16 கொணர்ந்த சில துணுக்குகள் 1993இல் நியூயார்க்கில் 4,42,500 டாலருக்கு ஏலம் போனதையும் சிலர் முன்மாதிரியாகக் காட்டினர். ஆய்வுக்கென எடுத்த பிடிமண்ணை வைத்துத் தொழில்முறைச் சுரங்கத்துக்கு நியாயம் கட்டுவது வலுவற்ற வாதம். ஆயினும் அதுவே வென்றது. 2015 நவம்பர் 25 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா ஒப்பமிட்ட சட்டம், விண்வெளியிலிருந்து எடுத்த வளத்தை உடைமையாக்கவும் விற்கவும் அமெரிக்கக் குடிமக்களுக்கு உரிமை தந்ததோடு, இதனால் அமெரிக்கா எந்த வான்பொருளின்மீதும் இறையாண்மை கோரவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. 2017இல் லக்சம்பர்க்கும், 2019இல் ஐக்கிய அரபு அமீரகமும், 2021இல் ஜப்பானும் தத்தம் சட்டங்களை இயற்றின. வளம் எடுப்பது தன்னளவில் நிலத்தைத் தனதாக்குவதாகாது என்று நிலவு ஆய்வுக்கென அமெரிக்கா முன்னெடுத்து 2020 அக்டோபரில் எட்டு நாடுகள் ஏற்ற ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகள் கூறின. நிலவு உடன்படிக்கையின் உறுப்பு நாடான ஆஸ்திரேலியாவும் அவ்வெட்டில் ஒன்று. சவூதி அரேபியாவோ நிலவு உடன்படிக்கையிலிருந்து 2024 ஜனவரியில் விலகியே விட்டது.

இந்தியாவின் நிலை தனித்துப் பேசத்தக்கது. 1982 ஜனவரி 18 அன்று நிலவு உடன்படிக்கையில் கையொப்பமிட்ட இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டிய சந்திரயான்-1 அந்நாட்டின் கலமே. 2023 ஏப்ரலில் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, சிறுகோள் வளத்தையும் விண்வெளி வளத்தையும் மீட்டெடுக்கும் தனியார் அவற்றை உடைமையாக்கவும் விற்கவும் உரிமையுடையோர் என்று, இந்தியாவின் பன்னாட்டுக் கடப்பாடுகளுக்கு உட்பட்டு, அமெரிக்கச் சட்டத்தின் சாயலிலேயே கூறியது. அதே ஆண்டு ஜூனில் ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகளிலும் இந்தியா இணைந்தது. பங்கீட்டைக் கேட்ட வளரும் நாடுகளின் அணியில் 1982இல் நின்ற நாடு, எடுத்தவருக்கே சொந்தம் என்னும் அணிக்கு இடம்பெயர்ந்தது ஏன் என்பதை நாடாளுமன்றத்தில் விவாதித்து, சட்டமாக எழுதி, மக்களுக்கு அரசு விளக்க வேண்டும். முதல் சுரங்க உரிமம் வழங்கப்படுவதற்கு முன்பே அது நடந்தாக வேண்டும்.