இராமலிங்க விலாசத்தில் ஒரு பிற்பகல்

மணல் மேட்டுக்கே 'கந்தமாதன பர்வதம்' என்று பெயர் சூட்டிக் கொண்டாடும் ஊர் இராமேசுவரம். மற்றபடி சேதுநாடு முழுவதும் கண்மாயும் பனையும் கடலுந்தான். யாத்திரை போகிறவர்கள் பாம்பன் பாலத்தையும் ஆலயப் பிராகாரத்தையும் கண்டு வியப்பார்கள். வழியிலுள்ள இராமநாதபுரத்தில் இறங்குகிறவர்கள் அபூர்வம். நானும் பல தடவை இறங்காமல் போனவன்தான். சென்ற முறை இறங்கினேன்.

அரண்மனைக்குள்ளே இராமலிங்க விலாசம் என்ற தர்பார் மண்டபம் இருக்கிறது. 1710-இல் மறைந்த கிழவன் சேதுபதி கட்டியது என்பார்கள். இன்று அது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வாள், ஈட்டி, மறவர் கை வளரி எல்லாம் அங்கே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கின்றன. வளரியைப் பார்த்தபோது, "இதை எறிந்த கை யாருடையதோ!" என்று நினைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு அது பழக்க தோஷம்.

ஆனால் என்னைக் கட்டி நிறுத்தியவை சுவர்ச் சித்திரங்களே. கிழவனுக்குப் பின் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதிதான் அவற்றின் கதாநாயகர். ஒரு பக்கம் இராமாயணத்தின் பாலகாண்டம் நடக்கிறது. இன்னொரு பக்கம் குலதெய்வமான இராஜராஜேசுவரி அவருக்குச் செங்கோல் வழங்குகிறாள். தஞ்சை மராத்தியப் படையோடு போர் நடக்கிறது. இன்னதென்று தெரிய, தமிழிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

வேறோரிடத்தில் ஐரோப்பியர் சிலர் சேதுபதியைக் காண வந்திருக்கிறார்கள். நாட்டுக்கு உடையவர் அவர், அவர்கள் வெளியூர்க்காரர்கள். ஓவியனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்தச் சித்திரத்தின் முன் நின்றபோதுதான் எனக்கு ஒரு தேதி நினைவுக்கு வந்தது. 1798 செப்டம்பர் 10.

1795-இலேயே கும்பெனியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, இதே மண்டபத்தில் கலெக்டர் ஜாக்சன் துரை பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை விசாரித்தார். குற்றாலத்திலிருந்து ஊர் ஊராகப் பின்தொடர்ந்து வந்தவரை நிற்க வைத்தே பேசினார். முடிவில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் மாண்டான். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் தப்பினார், மறு வருஷம் அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்குமேடை ஏறினார். 1959-இல் வந்த திரைப்படத்தில் அந்தச் சந்திப்பைப் பார்த்துக் கைதட்டியவர்கள் எத்தனை பேர்! அது நடந்த மண்டபத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நேயர்களே, எண்ணிப் பாருங்கள். சுவரிலே வெள்ளைக்காரன் வந்தவன். சுவருக்குக் கீழே அவனே வீட்டுக்காரன். இடையில் கழிந்தது நூறு வருஷங்கூட இல்லை. சித்திரத்துச் சேதுபதி அன்றும் அங்கேதான் இருந்தார். தம் மண்டபத்தில் யார் உட்கார்ந்தார், யார் நின்றார் என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அந்த 1798-ஆம் வருஷத்துக் காட்சியை எந்த ஓவியனும் இந்தச் சுவரில் எழுதவில்லை. எழுதச் சொல்ல அரசன் இல்லையே! அரசர்கள் தங்கள் வெற்றியைத்தான் எழுதச் சொல்வார்கள். மற்றதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்தபோது இராமேசுவரம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதென்று தீர்மானித்து மறுபடியும் உள்ளே போனேன்.