தூங்குவதற்கும் துணை வேண்டும்

கும்பகர்ணனுக்குத் தூங்க ஒரு வரம் போதுமாயிருந்தது. கம்ப்யூட்டருக்கு அது போதாது. 1991-ல் பிறந்த லினக்ஸின் கெர்னலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க, ரோமன் ஸிப்பெல் என்பவர் எழுதிய 'கேகான்ஃபிக்' முறை 2002-ல் வந்தது. அதில் என்னைக் கவர்ந்தவை இரண்டு சொற்கள். 'டிபெண்ட்ஸ் ஆன்' என்பது பணிவு: "அவர் இருந்தால்தான் நான் வருவேன்." 'செலக்ட்' என்பது அதிகாரம்: "நான் வந்தால் அவரும் வந்தாக வேண்டும், அவருடைய தேவைகளை விசாரிக்க மாட்டேன்." விசாரிக்காத அதிகாரத்தால் கெர்னலை உருவாக்கும் வேலையே முறிந்து போவதுண்டு.

மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டுத் தூங்கும் 'ஹைபர்னேஷன்' வசதியோ பணிவுள்ளது. நினைவிலிருப்பதை இறக்கி வைக்க 'ஸ்வாப்' என்ற இடம் அதற்கு வேண்டும். கெர்னலில் ஸ்வாப் வசதியைச் சேர்க்காவிட்டால் அது பட்டியலில் தலைகாட்டாது. நியாயந்தானே? நினைவை ஒப்படைக்க இடமில்லாமல் தூங்கினால், விழித்தெழுவது யார்?