தீயோனுக்கும் ஒரு நியாயம்

கதையில் வரும் தீயோன் ஏன் தீயோன் ஆனான் என்ற வினாவுக்கு விடை கூறாத கதை, படித்த மறுநாளே மறந்துபோகும். முறுக்கிய மீசையும் உருட்டிய விழியும் சிறுவரை அச்சுறுத்தலாம்; சிந்திப்போரை அசைக்க மாட்டா. தீயவனிடத்தும் ஒரு நியாயத்தை வைத்து, அந்த நியாயமே அவனை எவ்வாறு கெடுத்தது என்று காட்டுவதே உயர்ந்த படைப்பு. இவ்வுண்மை தமிழருக்குப் புதிதன்று.

கம்பர் இராவணனுக்கு வீரத்தையும் இசையறிவையும் சிவபக்தியையும் வாரி வழங்கினார். பிறன்மனை நயந்த குற்றத்தை மட்டும் அணுவளவும் குறைக்கவில்லை. பெருமையும் குற்றமும் ஒருங்கே நிற்பதால்தான் அவன் வீழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. 1946இல் புலவர் குழந்தை 'இராவண காவியம்' இயற்றி அவனை நாயகனாகவே ஆக்கினார். 1948இல் அந்நூலுக்குச் சென்னை அரசாங்கம் விதித்த தடை 1971இல்தான் நீங்கியது. தீயோன் எனப்பட்டவனை நல்லோனாக்கிப் பாடுவது ஒரு வழி. தீயோனாகவே நிறுத்தி, அவன் பக்கத்தையும் பேசவிடுவது மற்றொரு வழி. பின்னது அரிது.

அவ்வரிய வழியில் சென்ற தமிழ்ப்படம், 1954இல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்'. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர், ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தால் தூண்டப்பெற்று அதனை இயக்கினார். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையுமில்லை. 1943 அக்டோபர் 11ஆம் நாள் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசியதையொட்டி அமைந்த கதை அது. ராஜன் என்னும் ரேடியோ எஞ்சினியர் சுடப்பட்டு இறக்கிறான். சிவாஜி கணேசன் ஏற்ற அப்பாத்திரம், ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான வானொலியை உருவாக்க விரும்பியது; ஆதரவு கிடைக்கவில்லை. அந்த மனக்கசப்பே அவனைப் பகைவரின் ஒற்றனாக்கிற்று. அவன் குறை உண்மையானது. அதற்கு அவன் தேடிய பரிகாரமோ ஊரையே எரிக்கக்கூடியது. நாட்டுப்பற்று மிக்க அவன் மனைவியின் கைத்துப்பாக்கியே இறுதியில் அவன் உயிரைக் குடித்தது.

இக்கதையைச் சென்னைவாசி பார்ப்பதற்கும் பேராக் தமிழர் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. சென்னைக்கு ஜப்பானியர் வானில் வந்துபோன பகைவர். ஈப்போவுக்கோ, 1941 டிசம்பர் இறுதி முதல் 1945 வரை ஆட்சியாளர். 'அந்த நாள்' காட்டும் அதே 1943 அக்டோபரில்தான் சயாம்-பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அப்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்தனர். அதே மாதம் 21ஆம் நாள், ஜப்பானியரின் துணையோடு நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். ஒரே லயத்தில் ஒரு வீட்டார் நேதாஜி படத்துக்கு மாலையிட, அடுத்த வீட்டார் சயாமுக்குப் போய்த் திரும்பாதவருக்குப் படையலிடும் நிலை அதனால் ஏற்பட்டது.

"ஆசியா ஆசியருக்கே" என்ற ஜப்பானியரின் முழக்கம் முழுப் பொய்யன்று. வெள்ளையராட்சியில் மானமிழந்து வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளி அதன் நியாயத்தை எளிதில் உணர்ந்திருப்பான். ஆனால் அம்முழக்கத்தை எழுப்பியவர்களே அவனைக் காட்டுக்கு அனுப்பிச் சாகவும் விட்டனர். நியாயமும் கொடுமையும் ஒரே வாயிலிருந்து பிறந்தன.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் நகரங்களில் ஜப்பானிய சித்திரப் படங்களைக் கண்டு களிக்கின்றனர். 2012இல் வெளிவந்த 'சைக்கோ-பாஸ்' என்ற தொடரில், மக்களின் மனத்தையே அளந்து, குற்றம் செய்யுமுன்னரே குற்றவாளி என முத்திரையிடும் ஓர் அமைப்பு நாட்டை ஆள்கிறது. அதனை எதிர்க்கும் மகிஷிமா, தன் விருப்பத்தால் செயற்படுபவனே மனிதன் என்கிறான். மறுக்கவியலாத கருத்து. ஆனால் அதனை நிறுவ அவன் குற்றமற்றவர்களைக் கொல்கிறான். பார்ப்போர் அவன் சொல்லுக்குத் தலையசைத்து, அவன் செயலுக்கு நடுங்குகின்றனர். மானிடம் நசுங்கிய எதிர்காலத்தைக் காட்டும் கதைகளில் இந்நடுக்கமே உயிர்நாடி.

இத்தகைய பாத்திரங்களைப் படைக்க விழையும் நம் இளைஞர் நினைவில் கொள்ளத்தக்கவை இரண்டு. தீயோனின் குறையை உண்மையானதாக அமைத்தல் வேண்டும். கதையைப் படிப்பவரும் அக்குறையைத் தமதென உணர வேண்டும். அத்துடன், அவன் வழியில் நசுங்கியவர்களுக்கு முகமும் பெயரும் வாய்மொழியும் தருதல் வேண்டும். முன்னதை மறந்தால் தீயோன் வெறும் பூச்சாண்டியாவான். பின்னதை மறந்தால் நாயகனாகிவிடுவான். சயாம் ரயில் பாதையோரம் புதைந்தவர்களில் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பேராக்கில் பிறக்கும் கதைகளேனும் அவர்களுக்குப் பெயர் தருதல் கடனன்றோ?