புயல் எச்சரிக்கை: கூண்டிலிருந்து கைபேசி வரை

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால் தமிழ்நாட்டு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு, அந்த எண்ணின் பொருளைச் சரியாகச் சொன்ன மாணவர்கள் மிகச் சிலரே கிடைத்தார்கள். உண்மையைச் சொன்னால், ஆசிரியர்கள் அறையிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. அந்த எச்சரிக்கை முதலில் யாருக்காக ஏற்பட்டது என்று பார்த்தால் இதில் வியப்பில்லை.

'சைக்ளோன்' என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து, பின்னர் கல்கத்தாவில் குடியேறியவர். வங்கக் கடல் புயல்களில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் இப்பெயரை அமைத்தார். மாத்லா ஆற்றங்கரையில் கானிங் துறைமுகம் அமையவிருந்தபோது, புயலின்போது கடல்நீர் பொங்கி ஊருக்குள் புகும் என்று 1853இல் தலைமை ஆளுநருக்கு எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. துறைமுகம் கட்டப்பட்டது. 1867இல் கடல் உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைப் பார்க்கவில்லை, 1858இலேயே இறந்துவிட்டார்.

அதற்கு முன்பே, 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. அந்தப் புயலும், 1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் சேர்ந்து 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றக் காரணமாயின. 1898இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான குறியீடுகள் வந்தன. இன்றும் நாம் கேட்கும் கூண்டு எண்கள் அவைதான்.

மொத்தம் பதினொரு எண்கள். 1, 2 இரண்டும் புயல் தொலைவில் இருப்பதைக் காட்டும்; துறைமுகத்துக்கு ஆபத்தில்லை, புறப்படும் கப்பல்தான் கவனமாக இருக்க வேண்டும். 3, 4 ஏறினால் துறைமுகத்தையே மோசமான வானிலை நெருங்குகிறது என்று பொருள். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பேராபத்து. புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுச் செல்லும், அல்லது நேராக அதன் மீதே வருமா என்பதைப் பொறுத்து இவற்றுக்குள் எண் மாறும். பதினொன்றாம் எண்தான் எனக்கு எப்போதும் விந்தையாகத் தோன்றும். வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பதே அதன் செய்தி. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறும். மாலுமிக்கு இவை போதும். மண்குடிசையில் இருப்பவருக்கு எட்டாம் எண் என்ன சொல்லும்? வீட்டை விட்டுக் கிளம்பு என்று அது சொல்வதில்லை.

1964 டிசம்பர் 22 இரவு இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறத்தாழ 1,800 பேர் உயிரிழந்தனர். பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட பயணிகள் ரயில், ஊரை எட்டும் தறுவாயில் அலையில் மூழ்கியது. அதில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. புயல் அடிக்கும் இரவில் கடலோரத் தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதே அன்றைய செய்தித் தொடர்பின் நிலையைக் காட்டப் போதும். சேதமான பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்த சாதனையைப் பாடநூல்கள் சொல்கின்றன. தனுஷ்கோடி ஊர் மட்டும் மீளவே இல்லை.

இதற்குப் பிறகு கருவிகள் வேகமாக வளர்ந்தன. செயற்கைக்கோள் படங்கள் வந்தன. 2002இல் சென்னையில் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. ஆனாலும் 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் பெரும்புயல் கரையைக் கடந்தபோது பத்தாயிரத்தை ஒட்டியோர் மாண்டனர். அதே மாநிலத்தில் 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் கணிப்பு மேம்பட்டது உண்மை. அதைவிடப் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், ஊர்த் தொண்டர்கள், ஒத்திகைகள் ஆகியவைதான் வேறுபாட்டை உண்டாக்கின என்பது என் கருத்து.

இணையம் இதில் எங்கே வருகிறது? புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற விவரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கணினியைத் தொட்டே பாராத மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் படகை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்தனர்.

2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. நல்லவாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். சுனாமிச் செய்தி அங்கே காதில் விழுந்ததும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாக உடனே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வெளியேறினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்ச்சேதம் இல்லை. அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது.

இன்று வானிலைத் துறையின் தளத்தில் புயல் அறிக்கைகளை யாரும் படிக்கலாம். மாணவர்கள் கவனிக்க வேண்டியது, அறிக்கையின் தலைப்பில் இருக்கும் நேரம். அது பன்னாட்டு நேரமாக இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்; 0300 என்றால் நமக்குக் காலை 8.30. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பெரும்பாலும் இந்த நேரத்தையே வெட்டிவிடுகிறார்கள். நேற்றைய படம் இன்றும் ஊரைக் கலங்கடிக்கும். ஐயம் வந்தால் மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டத்தை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம். புயல்களின் பெயர்ப் பட்டியலையும் அத்தளத்தில் காணலாம். 2020இல் வெளியான பட்டியலுக்கு இந்தியா தந்த 13 பெயர்களில் மூன்றாவது 'முரசு'. அறிவிப்புக் கருவியின் பெயரையே புயலுக்கு வைத்தவர் யாரோ, நல்ல தமிழறிவு உள்ளவர்.

இத்தனைக்குப் பிறகும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. அது புயலாக வலுத்ததாக அறிவிக்கப்பட்டது நவம்பர் 30 அன்று. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் கன்னியாகுமரி, கேரளப் படகுகள் அதற்கு முன்பே வெகுதூரம் சென்றுவிட்டிருந்தன. கரையில் இருந்த எவரும் அந்தச் செய்தியைக் கைபேசியில் பார்க்க முடிந்தது. கரையிலிருந்து சில கடல் மைல்களுக்கு அப்பால் கைபேசியே எடுக்காது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், அல்லது திரும்பி வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. படகில் இருப்பவர் அதில் செய்தியைப் பெறலாம். தான் இருக்கும் நிலையைக் கரைக்குச் சொல்ல அதில் வழியில்லை.