உலக்கை பிடித்த கை

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களை ஒரு நெல் பேரேடாகவும் வாசிக்கலாம். எந்த ஊர் எவ்வளவு அளக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. அளக்கும் மரக்காலுக்கே ‘ஆடவல்லான்’ என்று பெயர். வேறு கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் பெயரும் வீட்டு வரிசையும்கூட வெட்டப்பட்டுள்ளன. இன்று நிர்வாகவியல் வகுப்புகளில் விநியோகச் சங்கிலி என்கிறார்களே, அதுதான் இது.

அதே சுவரில் என்னை நிறுத்துவது ஒரு விகிதம்: ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. நெல்லைக் குத்தினால் அளவில் ஏறக்குறையப் பாதி தேறும். இரண்டரை வர வேண்டிய இடத்தில் இரண்டு என்றால், மீதி அரைப் பங்கு எங்கே? குத்துகூலி அதற்குள் அடங்கியிருக்கும் என்பது என் ஊகம். அப்படியென்றால் உலக்கை பிடித்தவள் அந்தக் கணக்கில் பெயராக இல்லை, பின்னமாக இருக்கிறாள்.

கூலியாக அரிசி, கூடவே நொய், தவிடு. காசு கைக்கு வராத வீடுகளில் அதுவே அடுப்பெரித்தது. இருபதாம் நூற்றாண்டில் ரைஸ் மில் ஊரூராக வந்தபோது போனது இந்த வருமானம்தான். மில்லிலும் பெண்களுக்கு வேலை இருந்தது: அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் காலால் கிளறிவிடும் வேலை. இயந்திரத்தின் பக்கம் ஆண்கள் நின்றார்கள். கைக்குத்தல் அரிசிக்காக வாதாடிய ஜே.சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். 1958இல் மத்திய அரசு அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டது. ஆலை வைக்க உரிமம் வேண்டும் என்றது. கைக்குத்தலைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1997இல் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் உரல்கள் கொல்லைப்புறத்தில் மழைநீர் பிடித்துக்கொண்டிருந்தன.

1972இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இன்று டெல்டாவில் நேரடியாக நெல் வாங்குகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் திரும்பிவிடும். அந்த 17க்குக் கொண்டுவர, சாலையோரம் நெல்லைக் காயவைத்து, மேகம் கறுத்தால் ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போர்த்துகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். கொள்முதல் நிலையத்தில் கேட்பது சிட்டாவும் அடங்கலும் வங்கிக் கணக்கும். பெரும்பாலான வீடுகளில் அவற்றில் இருப்பது கணவன் பெயர், இல்லாவிட்டால் மாமனார் பெயர்.