ஐரோப்பியக் கிண்ணமும் வேற்றூர் இரசிகரும்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆடியவர்களையே எழுதுகின்றனர். வென்றவர் யார், அடித்த கோல் எத்தனை, எந்த ஆண்டு என்பவற்றோடு அவ்வரலாறு நின்றுவிடுகிறது. பார்த்தவர்களுக்கு அதில் இடம் குறைவு. பார்த்தவர்களுள்ளும் தம் ஊர்க் குழுவுக்காகத் தொண்டை வறளக் குரல் கொடுத்தவரைப் பற்றியேனும் இரண்டொரு வரி கிடைக்கும். எந்த ஊரையும் சாராமல், ஆட்டம் அழகாயிருக்கிறது என்ற ஒன்றுக்காகவே பார்த்து மகிழ்ந்தவரைப் பற்றி ஒரு வரியும் கிடைப்பது அரிது. அவரைப் பொழுதுபோக்கு இரசிகர் என்று சற்றே இளக்காரமாகவும் பேசுகிறோம். ஆனால், இன்று உலகமெங்கும் கண் விழித்துப் பார்க்கப்படும் ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணப் போட்டி உயிர்பெற்றதில் இத்தகைய வேற்றூர் இரசிகருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து. அதற்கான சான்றுகளையே ஈண்டு எடுத்துரைக்க விழைகிறேன்.

காற்பந்து தொடக்கத்தில் முற்றிலும் ஊர்சார்ந்த ஆட்டமாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, துணியாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்யலாகாது என்று விதித்தது. நாளடைவில் அவ்வரைநாள் ஓய்வு ஆடவர்க்கும் பிற தொழிலாளர்க்கும் பரவிற்று. 1863இல் இலண்டனில் காற்பந்துச் சங்கம் கூடி விதிகளை வகுத்தது. 1888இல் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்து லீக் போட்டியைத் தொடங்கின. இலங்காசயர் வட்டாரத்திலிருந்தும் நடு இங்கிலாந்திலிருந்தும் வந்த ஆலைநகர்க் கழகங்களே அவை. வேலை முடிந்த கையோடு நடந்தோ டிராம் வண்டியிலோ திடலுக்குச் சென்றடையக் கூடியவரே அக்கால இரசிகர். அவருக்குத் தம் கழகம் என்பது தம் தெருவின் நீட்சி.

எனினும் அவ்வூர்ப்பற்றையும் சற்றுக் கீறிப் பார்த்தால் அடியில் அயலார் தென்படுவர். 1893இல் தோன்றிய ஜெனோவாக் கழகத்தை அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர் நிறுவினர். 1899இல் மிலான் கழகம் தோன்றக் காரணமாயிருந்தவர் நாட்டிங்ஹமிலிருந்து சென்ற ஹெர்பர்ட் கில்பின். அதே ஆண்டில் பார்சலோனாக் கழகத்தை நிறுவியவர் சுவிட்சர்லாந்துக்காரரான கேம்பர். தூரின் நகரத்து யுவென்டசு அணியின் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையோ 1903இல் இங்கிலாந்தின் நாட்ஸ் கவுண்டி கழகத்தைப் பார்த்துத் தருவிக்கப்பட்டது. நம் மாணாக்கர் சிலர் கண்ணால் காணாத ஊரின் ஜெர்சியை அணிந்து திடலில் இறங்கும்போது, இது யாருடைய ஊர்ப் பெருமை என்று ஆசிரியர்கள் கேலி செய்வதுண்டு. தூரின் நகரத்தாரே இரவல் சட்டை அணிந்தவர்கள்தாம் என்பதை அக்கேலிக்கு விடையாக வைத்துக்கொள்ளலாம்.

நாடு கடந்து கழகங்கள் மோதும் போட்டியும் முற்றிலும் புதியதன்று. ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளின் கழகங்கள் 1927 முதற்கொண்டே மித்ரோப்பாக் கிண்ணத்திற்காக ஆடின. அது மத்திய ஐரோப்பாவின் இரயில் பாதைகளோடு நின்றது. போர் வந்து அதனையும் சிதைத்தது.

திருப்பம் 1954இல் நேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், ஐரோப்பியப் பெருநிலத்து நாடு எதனிடமும் சொந்த மண்ணில் தோற்றறியாத இங்கிலாந்தை, வெம்பிளி அரங்கில் ஹங்கேரி 6-3 என்ற கணக்கில் வீழ்த்தியிருந்தது. ஆங்கிலேயரின் தன்னம்பிக்கைக்கு அது பேரிடி. அந்த ஹங்கேரிய வீரர்களுள் பலர் புடாபெஸ்ட் நகரத்து ஹொன்வேட் கழகத்தைச் சேர்ந்தவர்கள். தலைமை வீரர் புஷ்காஷும் அக்கழகத்தவரே. 1954 டிசம்பர் 13ஆம் நாள் இரவு, அவ்வாண்டு லீக் வாகை சூடிய வுல்வர்ஹெம்டன் வாண்டரர்ஸ் கழகம் ஹொன்வேட்டைத் தன் மொலினியூ திடலுக்கு அழைத்தது. இரவில் ஆடுவதற்கென மின்விளக்குகள் அங்கு அமைக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. விளக்கொளியில் மின்னும் தனிவகைத் துணியில் தைத்த சட்டைகளை வுல்வர்ஹெம்டன் வீரர் அணிந்தனர். ஏறத்தாழ 55,000 பேர் திரண்டனர். பதினைந்து நிமிடத்திற்குள் ஹொன்வேட் இரண்டு கோல்கள் போட்டது. இடைவேளைக்குப் பின் மண் சேறாயிற்று. ஹங்கேரியரின் நுட்பமான பந்துக் கடத்தல் அச்சேற்றில் சிக்கிற்று. திடலுக்கு முன்கூட்டியே நீர் பாய்ச்சச் சொல்லி ஏவப்பட்டதாக அங்கு அப்போது பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். பினால்டி உதை ஒன்றால் ஹான்காக்சும், அடுத்தடுத்து இருமுறை ஸ்வின்போனும் கோல் புகுத்த, ஆட்டம் 3-2 என முடிந்தது.

இங்கே நாம் கருதவேண்டியது வெற்றியை அன்று. இரண்டாம் பாதி ஆட்டத்தை பிபிசி தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பிற்று என்பதே நமக்கு முக்கியம். வுல்வர்ஹெம்டனை ஒருநாளும் மிதித்திராதவரும் அவ்வாட்டத்தை வீட்டிலிருந்தபடி பார்த்தனர். ஒரு வேலைநாளில், வேலைக்குப் பின், விளக்கொளியில், தமக்கு உறவில்லாத இரு குழுக்களின் ஆட்டம்! பிற்காலத்து வேற்றூர் இரசிகருக்கு வேண்டிய எல்லாம் அவ்வொரு மாலையில் கூடிவிட்டன.

வெற்றிக் களிப்பில் வுல்வர்ஹெம்டன் நிருவாகி ஸ்டான் கல்லிஸ் தம் வீரர்களை உலக வாகையர் என்று புகழ்ந்தார். ஆங்கில நாளேடுகளும் அதனை எதிரொலித்தன. பாரிசில் அதைப் படித்த கப்ரியேல் ஹானோவுக்குப் பொறுக்கவில்லை. முன்னாளில் பிரான்சு நாட்டுக்காக ஆடியவர்; அந்நாளில் 'லெக்கிப்' என்னும் விளையாட்டு நாளேட்டின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். வுல்வர்ஹெம்டன் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் சென்று ஆடிக் காட்டட்டும். மிலான், ரியல் மட்ரிட் போன்ற கழகங்களும் உள்ளன. அனைத்துக்கும் பொதுவான போட்டி ஒன்று வைத்தாலன்றி இதனைத் தீர்க்க இயலாது என்னும் கருத்துப்பட எழுதினார். அவரும் அவர்தம் தோழர் ழாக் ஃபெரானும் சில நாள்களில் ஒரு திட்டத்தையே வரைந்துவிட்டனர். வார நடுவில் ஆட்டம் இருந்தால் நாளேடு கூடுதலாக விற்கும் என்பதை அறியாதவர்களா அவர்கள்? நன்கு அறிந்தவர்களே. ஆனால் அதனைக் குறையாகச் சொல்லத் தோன்றவில்லை. திடலுக்குச் செல்ல இயலாதவர்தாமே நாளேட்டை வாங்கி ஆட்டத்தைப் படிக்கிறார்?

1954இல்தான் அமைக்கப்பட்டிருந்த ஐரோப்பியக் காற்பந்துச் சங்க ஒன்றியம் தொடக்கத்தில் இதில் ஆர்வம் காட்டவில்லை. எனவே நாளேடே 1955 ஏப்ரலில் கழகங்களைப் பாரிசுக்கு அழைத்துக் கூட்டம் நடத்திற்று. அதன் பின்னரே ஒன்றியம் பொறுப்பேற்றது. 1955 செப்டம்பர் 4ஆம் நாள் லிஸ்பன் நகரில் ஸ்போர்ட்டிங் கழகமும் பெல்கிரேடின் பார்ட்டிசானும் 3-3 எனச் சமநிலை கண்ட ஆட்டத்துடன் ஐரோப்பியக் கிண்ணம் பிறந்தது. கழகங்கள் பதினாறு. அவற்றுள் ஆங்கிலக் கழகம் ஒன்றுகூட இல்லை! அவ்வாண்டு லீக் வாகை சூடிய செல்சி, உள்நாட்டு ஆட்டங்கள் பாதிக்கும் என்று லீக் நிருவாகம் கூறியதைக் கேட்டு விலகிக்கொண்டது. 1956 ஜூன் 13ஆம் நாள் பாரிசில் நடந்த முதல் இறுதியாட்டத்தில், பத்து நிமிடத்திற்குள் இரண்டு கோல் பின்தங்கிய ரியல் மட்ரிட், ரெய்ம்ஸ் கழகத்தை 4-3 என வென்றது.

மறு ஆண்டு லீக் நிருவாகத்தின் அறிவுரையை மீறி மென்செஸ்டர் யுனைடெட் கலந்துகொண்டது. அத்துணிவுக்கு அக்கழகம் கொடுத்த விலை யாவரும் அறிந்ததே. 1958 பிப்ரவரி 6ஆம் நாள், பெல்கிரேடில் ஆடித் திரும்புகையில், மியூனிக்கில் எரிபொருள் நிரப்பிய விமானம் மூன்றாம் முறை மேலெழ முயன்று நொறுங்கிற்று. 23 உயிர்கள் மாண்டன, அவர்களுள் எண்மர் ஆட்டக்காரர்.

இனி 1960க்கு வருவோம். அவ்வாண்டு மே 18ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஹெம்டன் பார்க் அரங்கில், ரியல் மட்ரிட்டும் ஜெர்மனியின் ஐன்டிராக்ட் பிராங்பர்ட்டும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. கிளாஸ்கோவின் சொந்தக் கழகமான ரேஞ்சர்ஸ் அரையிறுதியில் இதே பிராங்பர்ட்டிடம் 6-1, 6-3 என இருமுறையும் அடிபட்டு வெளியேறியிருந்தது. ஆக, அன்று அந்நகரத்தாருக்கு ஆதரிக்க ஒரு குழுவும் இல்லை. இருந்தும் 127,621 பேர் வந்து நிறைந்தனர். இறுதியாட்டம் ஒன்றைத் திடலிலிருந்து கண்டோர் எண்ணிக்கையில் இதுவே இன்றளவும் பெரிது.

முதல் கோல் பிராங்பர்ட்டுடையது. அதன்பின் நடந்ததை ஆட்டம் என்பதா, பாடம் என்பதா? டி ஸ்டெபானோ மூன்று கோல்களும் புஷ்காஷ் நான்கு கோல்களும் போட, ரியல் மட்ரிட் 7-3 என வென்றது. இறுதியாட்டத்தில் நான்கு கோல்கள் போட்டவர் புஷ்காஷைத் தவிர இன்றுவரை வேறெவரும் இலர். அவர் மட்ரிட்டுக்கு வந்த கதையும் இக்கிண்ணத்தோடு பிணைந்ததே. 1956இல் ஹங்கேரியில் எழுச்சி மூண்டு சோவியத் படைகள் அதனை நசுக்கிய காலத்தில், ஹொன்வேட் இக்கிண்ணத்தின் ஆட்டத்திற்காக ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோவோடு மோத வெளிநாட்டில் இருந்தது. புஷ்காஷ் நாடு திரும்பவில்லை. தடைக்காலம் கழிந்து, உடல் பருத்து, முப்பத்தொரு வயதில் மட்ரிட்டில் சேர்ந்தார். மொலினியூ சேற்றில் தோற்ற அதே மனிதர், ஆறாண்டு கழித்துக் கிளாஸ்கோவில் பந்தைப் பேச வைத்தார். ஆட்டம் முடிந்த பின்னும் ஸ்காட்லாந்து மக்கள் வீடு திரும்பாமல் நின்று கைதட்டினர். அக்கூட்டத்தில் நின்ற இளைஞர்களுள் ஒருவர் பின்னாளில் மென்செஸ்டர் யுனைடெட்டின் நிருவாகியாக இக்கிண்ணத்தை இருமுறை வென்ற அலெக்ஸ் ஃபெர்குசன். என் கருத்தில் வேற்றூர் இரசிகரின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க நாள் இதுவே.

ஊர்ப்பற்று இல்லாதவர்க்கு இன்பம் எங்கிருந்து வருகிறது? அடுத்து யார் எழுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமையிலிருந்து வருகிறது. 1967இல் லிஸ்பனில் இந்தர் மிலானை 2-1 என வென்ற செல்டிக் வீரர் பதினொருவரும் கிளாஸ்கோவிலிருந்து முப்பது மைல் சுற்றளவில் பிறந்தவர்கள். நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் கழகம் 1977இல்தான் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறியது. 1978இல் லீக் வாகை. 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கிண்ணம்! சொந்த நாட்டு லீக்கை ஒருமுறையே வென்ற கழகம் ஐரோப்பாவை இருமுறை வென்ற விந்தை இது. 2005இல் இஸ்தான்புல்லில் இடைவேளையில் மூன்று கோல் பின்தங்கிய லிவர்பூல், ஆறு நிமிடத்தில் மூன்றையும் திருப்பிப் பின்னர் பினால்டி உதைகளில் மிலானை வென்றது. நம் நாட்டில் அவ்வாட்டம் தொடங்கியபோது அதிகாலை இரண்டே முக்கால் மணி. இடைவேளையில் உறங்கச் சென்றவர்களின் புலம்பலை அன்று எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கலாம்.

ஊர்ப்பற்று முற்றி வெறியாகும்போது விளைவது என்ன என்பதையும் மறைத்தல் ஆகாது. 1985 மே 29ஆம் நாள் பிரசல்சின் ஹெய்சல் அரங்கில், ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் ஆதரவாளர் சிலர் பாய்ந்து விரட்ட, நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இத்தாலியர். அதன் பின்னும் ஆட்டத்தை நடத்தினர். ஆங்கிலக் கழகங்கள் ஐந்தாண்டு ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன.

அதன்பின் பணம் பேசத் தொடங்கிற்று. 1992இல் போட்டி 'சாம்பியன்ஸ் லீக்' எனப் பெயர் மாறியது. 1997 முதல் லீக் வாகை சூடாத கழகங்களும் நுழைந்தன. இடையில், 1995 டிசம்பரில் வெளியான போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பணம் கட்டாமலே வேறு கழகம் செல்ல வழி திறந்தது. ஆட்டக்காரருக்கு அது நீதியே. ஆனால் அவ்வாண்டு தன் இளைஞர்களைக் கொண்டே கிண்ணம் வென்ற ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகம், சில ஆண்டுகளில் அவர்களைச் செல்வந்தக் கழகங்களிடம் இழந்தது.

2021 ஏப்ரல் 18ஆம் நாள் வெளிவந்த அறிவிப்பு இப்போக்கின் உச்சம். இங்கிலாந்தின் ஆறு, ஸ்பெயினின் மூன்று, இத்தாலியின் மூன்று என்று பன்னிரண்டு பெருங்கழகங்கள் தமக்கெனத் தனி லீக் அமைப்பதாக முழங்கின. இருபது இடங்களுள் பதினைந்து நிறுவனக் கழகங்களுக்கே நிலையாக உரியவை; எவ்வளவு மோசமாக ஆடினாலும் அவை வெளியேறா. இளைஞருக்கு இப்போதைய ஆட்டங்களில் நாட்டமில்லை, அவர்களை ஈர்க்கவே இம்முயற்சி என்று அதன் தலைவரும் ரியல் மட்ரிட் தலைவருமான புளோரென்டினோ பெரேஸ் மறுநாள் தொலைக்காட்சியில் கூறினார். அதாவது நம்மைப்போல் தொலைவிலிருந்து பார்ப்போரின் பெயராலேயே கதவைச் சாத்த முனைந்தனர். இதில் வேற்றூர் இரசிகரின் நெஞ்சை அவர் அறவே புரிந்துகொள்ளவில்லை என்பேன். பெரிய பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதன்று நம் வேட்கை. நாட்டிங்ஹம் போன்ற ஓர் ஊர் நுழையக் கூடிய கதவு திறந்திருப்பதே நம்மைக் கண் விழிக்கச் செய்கிறது. உள்ளூரார் உயிரைக் கொடுத்து ஆதரிக்காத ஆட்டத்தில் அயலாருக்குச் சுவைக்க என்ன இருக்கும்?

நல்வாய்ப்பாக, நம் பொருட்டும் சேர்த்து எதிர்த்தவர்கள் உள்ளூர்க்காரர்களே. ஏப்ரல் 20ஆம் நாள் மாலை செல்சி, பிரைட்டன் கழகத்தோடு ஆட இருந்தது. கோவிட் கட்டுப்பாட்டால் அரங்கினுள் பார்வையாளர்க்கு இடமில்லை. ஆயினும் செல்சி இரசிகர்கள் வாயிலில் திரண்டு ஆட்டக்காரரின் பேருந்தை மறித்தனர். முன்னாள் கோல் காவலரும் அப்போது கழகத்தின் ஆலோசகருமான பீட்டர் செக் வெளியே வந்து, பேருந்துக்கு வழிவிடுமாறு மன்றாடினார். 1955இல் மேலிடத்துச் சொல்லுக்கு இணங்கி ஐரோப்பாவைத் துறந்த கழகம், இம்முறை தன் வாயிலில் நின்றவர்களுக்கு இணங்கிற்று. மறுநாள் விடியுமுன் ஆறு ஆங்கிலக் கழகங்களும் விலகிவிட்டன. அன்றைய ஆட்டம் கால்மணி நேரம் தாமதமாகத் தொடங்கி, வெற்று இருக்கைகளின் நடுவே, ஒரு கோலும் இன்றி முடிந்தது.